“செத்துப் போன” கம்ப்யூட்டர் உயிர் பிழைத்தது! கொல்லிமலைக் கடையில் சிக்கிய “குற்றவாளி”

(நமது நிருபர்)

வாசலூர்பட்டி:-

ஊர் முழுவதும் ஒரு தேதி. ஒரே ஒரு கடையில் மட்டும் வேறு தேதி. அந்த ஒரு தப்பால் ஒரு மாணவியின் கல்லூரி விண்ணப்பம் நின்று போக இருந்தது. பல வருஷக் கணக்கு வழக்கு ஒரு மணி நேரத்தில் அழிந்து போக இருந்தது.

கொலை, கொள்ளை, குழாயில் தண்ணீர் வரவில்லை... இவைதான் நான் வழக்கமாக எழுதுகிற சமாச்சாரம். இதுவும் ஒரு கொலை வழக்கு மாதிரிதான். செத்ததாகச் சொல்லப்பட்டது ஒரு பழைய கம்ப்யூட்டர். “அடக்கம் பண்ணி விடலாம்” என்று முடிவும் ஆகி விட்டது. கடைசி நேரத்தில் மூச்சு இருப்பது தெரிய வந்தது.

70 வளைவு தாண்டி...

காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடிப்பதற்குள் சாப்பிட்டது எல்லாம் நெஞ்சுக்கு வந்து விடும். சோளக்காடு, செம்மேடு தாண்டினால் வாசலூர்பட்டி. படகு இல்லம் இருக்கிற ஊர். அறப்பளீசுவரர் கோவில், ஆகாய கங்கை அருவி என்று வருகிற ஜனங்கள் இங்கேயும் இறங்கி, குழந்தைகளைப் படகில் ஏற்றி விட்டுப் போவார்கள்.

நான் போனது கடந்த மழைக்காலத்தில், வேறு வேலையாக. மலையில் 2 நாளாகக் காற்றும் மழையும். கரண்டு இல்லை. மூன்றாம் நாள் காலையில்தான் கரண்டு வந்தது. ஒரு தாளை நகல் எடுக்க வேண்டும் என்று ஜெராக்ஸ் கடை ஒன்றில் ஒதுங்கினேன். ஜெராக்ஸ், போட்டோ பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் அந்த ஒரே கடையில்தான்.

கடையை நடத்துபவர் ஒரு பெண். “பேப்பர்ல என் பேரும் கடைப் பேரும் போட்டுடாதீங்க” என்று கேட்டுக் கொண்டார். போடவில்லை. அக்கா என்றே வைத்துக் கொள்வோம்.

அக்காவின் முகத்தில் ஈ ஆடவில்லை. எதிரே பெஞ்சில் ஒரு மாணவியும் அவளுடைய அப்பாவும் உட்கார்ந்து இருந்தார்கள். கல்லூரி விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் அன்றைக்குத்தான். சாயந்திரத்தோடு சரி. மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஏற்கனவே ஸ்கேன் பண்ணி அந்தக் கம்ப்யூட்டரில்தான் வைத்து இருந்தார்கள். மலைவாழ் மக்களுக்கு அந்தச் சாதிச் சான்றிதழ் லேசில் வருவது இல்லை. தாசில்தார் கொடுத்தால் செல்லாது, ஆர்.டி.ஓ. கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக மலை ஏறி இறங்கிய கதையை அந்த அப்பாவைக் கேட்டால் ஒரு நாள் முழுக்கச் சொல்வார்.

கம்ப்யூட்டர் ஓடியது. ஆனால் எந்த இணையதளத்தைத் தட்டினாலும் திறக்கவில்லை. சிவப்பு அடையாளத்தோடு இங்கிலீஷில் ஏதோ எச்சரிக்கை. “பாதுகாப்பு இல்லை” என்கிற மாதிரி.

ரூ.500 தீர்ப்பு

அக்கா கீழே இருக்கிற ஒரு மெக்கானிக்குக்குப் போன் போட்டார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். பேச்சு இரண்டு நிமிஷம்கூட இல்லை.

“சைட் எதுவும் ஓப்பன் ஆகலியா? விண்டோஸ் அடி வாங்கிடுச்சுக்கா. பார்மட் பண்ணணும். ரூ.500 ஆகும்.”

“உள்ள இருக்கிறதெல்லாம்?”

“பார்மட்னா எல்லாம் போகத்தான் செய்யும். டேட்டாவுக்கு நாம பொறுப்பு இல்லக்கா. மிஷினைக் கீழே அனுப்பிடுங்க.”

பார்மட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வீட்டில் எலி புகுந்து விட்டது என்று, சாமான் சட்டி எல்லாவற்றையும் தெருவில் கொட்டி விட்டு வீட்டையே கழுவி விடுவது. எலி போய்விடும். சாமானும் போய்விடும்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் என்ன இருந்தது? ஊரில் பாதிப் பேருடைய சான்றிதழ்களின் ஸ்கேன். மகளிர் குழுவின் வரவு செலவு. மிளகு, காப்பி வியாபாரிகளின் பில் நகல்கள். யார் யார் கடைக்குப் பாக்கி என்கிற பட்டியல். வேறு எங்கேயும் பிரதி கிடையாது. (இது பெரிய தப்பு. அதை அக்காவே பிறகு ஒத்துக் கொண்டார்.)

குற்றவாளியே வாக்குமூலம்!

அந்த நேரத்தில் ஒரு வாலிபர் ஆதார் நகல் எடுக்க வந்தார். வெளியூரில் வேலை பார்ப்பவர். லீவுக்கு வந்து இருந்தார். ஏதோ பிரச்சினை என்று தெரிந்ததும் திரையை எட்டிப் பார்த்தார். கீழே வலது மூலையைப் பார்த்தார். சிரித்து விட்டார்.

“அக்கா, இன்னிக்கு என்ன தேதி?”

அக்கா சொன்னார்.

“உங்க மிஷின் 2009-ம் வருஷம் ஜனவரி 1-ந்தேதின்னு சொல்லுதே!”

கடையில் இருந்த எல்லோரும் திரையைப் பார்த்தோம். ஆமாம். 2009. அந்த மாணவி அப்போது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாளா என்பதே சந்தேகம்.

வாலிபர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். போலீஸ் ஸ்டேஷனில் நல்ல ஏட்டு ஒருவர் விசாரிப்பதைப் போல இருந்தது.

“மணி முன்னாடியே தப்பாக் காட்டுச்சா?”

“மூணு மாசமாவே பத்து நிமிஷம், கால் மணி பின்னாடி ஓடும். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்குவேன்.”

“இன்னிக்குக் காலையில ஆன் பண்ணினப்போ ஏதாச்சும் சொல்லிச்சா?”

“கறுப்புத் திரையில ரெண்டு வரி வந்துச்சு. எப்-1 அமுக்குன்னு இருந்துச்சு. அமுக்கினேன். போயிடுச்சு.”

அந்த இரண்டு வரியில் என்ன இருந்தது? தேதியும் நேரமும் வைக்கப்படவில்லை என்றுதான் இருந்தது. அது மட்டும் அல்ல. இணையதளம் திறக்கவில்லை என்று வந்த எச்சரிக்கையிலும், “உங்கள் கடிகாரம் பின்தங்கி இருக்கிறது” என்று குரோம் தெளிவாகச் சொல்லித்தான் இருந்தது. குற்றவாளி இரண்டு தடவை வாக்குமூலம் கொடுத்தும் படித்துப் பார்க்க ஆள் இல்லை!

அக்காவைக் குறை சொல்ல முடியாது. நானும் அப்படித்தான். இங்கிலீஷில் நாலு வரி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு “ஓ.கே.” அமுக்குகிற கோஷ்டி.

சீசன் பாஸ் கதை

தேதி தப்பாக இருந்தால் இணையதளம் ஏன் திறக்காது? வாலிபர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன்.

தினம் பஸ்சில், ரயிலில் போகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். உங்கள் சீசன் பாசில் “இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை” என்று போட்டு இருக்கும். அரசாங்க இணையதளம், பாங்கி இணையதளம் எல்லாவற்றுக்கும் அதே மாதிரி ஒரு சான்று உண்டு. “நான்தான் உண்மையான தளம், போலி அல்ல” என்று காட்டுவதற்கு. அதிலும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு.

உங்கள் கம்ப்யூட்டர்தான் டிக்கெட் பரிசோதகர். பரிசோதகர் கையில் இருக்கும் காலண்டரில் 2009 என்று இருந்தால், இந்த வருஷத்துப் பாசை நீட்டினால் என்ன சொல்வார்? “இது இன்னும் ஆரம்பமே ஆகலியே, கீழே இறங்கு” என்பார். பாசில் தப்பு இல்லை. பயணி மேலும் தப்பு இல்லை. காலண்டர்தான் கோளாறு.

சரி, கம்ப்யூட்டர்தான் இணையத்தில் இருந்து நேரத்தைத் தானே சரி செய்து கொள்ளுமே என்று கேட்பீர்கள். செய்யும். ஆனால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. வீட்டிலும் கடையிலும் இருக்கிற விண்டோஸ், வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் தானாகத் திருத்தாமல் விட்டு விடும். பத்து நிமிஷம் பின்தங்கியது என்றால் சரி. பதினைந்து வருஷத்துக்கு மேல் என்றால் அதுவும் கையை விரித்து விடும். முதலில் மனுஷன்தான் கையால் தேதியை வைக்க வேண்டும்.

வாலிபர் வைத்தார். வருஷம், மாதம், தேதி, மணி. அத்தோடு எந்த நாட்டு நேரம் என்கிற இடத்தையும் பார்த்தார். பார்மட் செய்கிற அவசரத்தில் இதை விட்டு விடுகிறவர்கள் உண்டாம். அமெரிக்க நேரத்திலேயே கிடக்கும். இங்கே நாம் மத்தியானச் சாப்பாடு சாப்பிடும்போது மிஷின் அங்கே நடுராத்திரியில் இருக்கும்.

மொத்தம் இரண்டு நிமிஷம். இணையதளம் திறந்தது. மாணவியின் அப்பா எழுந்து நின்று விட்டார்.

செலவு? சைபர்.

நாணயம் அளவு செல்

குற்றவாளி யார் என்று இன்னும் சொல்லவில்லையே.

கம்ப்யூட்டர் பெட்டிக்குள், மதர்போர்டில், வட்டமாக ஒரு செல் இருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் சிறியது. 3 வோல்ட். கடையில் “2032 செல்” என்று கேட்டால் கொடுப்பார்கள். நம்பரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். கார் சாவி ரிமோட்டுகள் பலவற்றில் இருப்பதும் இதே செல்தான். ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசுதான் விலை.

கரண்டு இல்லாதபோதும் மணி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான் இந்த செல். கரண்டு இருக்கும் வரை செல்லுக்கு ஓய்வு. பிளக்கைப் பிடுங்கினால், அல்லது லைன் போனால், இதன் தலையில் பாரம். பல வருஷம் உழைத்துக் களைத்த செல் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் தாங்கும். 2 நாள் தாங்காது. மலையில் லைன் போன அன்றைக்கே அது கண்ணை மூடி விட்டது. மறுபடி கரண்டு வந்ததும், தொழிற்சாலையில் வைத்த ஆரம்பத் தேதிக்கே மிஷின் போய் நின்று கொண்டது.

இந்தச் செல்லுக்கும் ஒரு பழங்கதை உண்டு. ஐ.பி.எம். கம்பெனி தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை 1981-ம் வருஷம் ஆகஸ்டு 12-ந்தேதி அறிமுகப்படுத்தியது. அதில் செல்லும் கிடையாது, கடிகாரமும் கிடையாது. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் “இன்று என்ன தேதி?” என்று அது கேட்கும். பதில் சொல்லாமல் விட்டால் 1980 ஜனவரி 1 என்று எடுத்துக் கொள்ளும். 1984-ல் வந்த ஏ.டி. என்ற மாடலில்தான் செல்லோடு கடிகாரத்தை வைத்துக் கொடுத்தார்கள். அன்றைக்குக் கம்ப்யூட்டர் தேதியைக் கேட்டது, நாம் சொன்னோம். இன்றைக்கு அது தப்பாகச் சொல்கிறது, நாம் பார்ப்பதே இல்லை.

செல் செத்தால் தேதி மட்டும் கெடுவது இல்லை. ஆன்டிவைரஸ் “லைசென்ஸ் செல்லாது” என்று அடம் பிடிக்கும். புதிதாகச் சேமித்த பைல் 2009 என்று தேதி போட்டுக்கொண்டு பட்டியலின் அடியில் போய் ஒளிந்து கொள்ளும். “நேத்து அடிச்ச லெட்டர் காணோம்” என்று ஆபீசில் ஒரு கலாட்டா நடந்தால், அடியிலும் தேடிப் பாருங்கள். கடைக்காரர்களுக்கு இன்னும் மோசம். பில்லில் பழைய வருஷம் அச்சாகி விடும்.

இதைவிடப் பெரிய வம்பும் உண்டு. சில மிஷின்களில் ஹார்ட் டிஸ்க்கோடு எந்த முறையில் பேச வேண்டும் என்கிற அமைப்பும் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். அப்போது விண்டோசே எழுந்திருக்காது. நீலத் திரை வரும். பார்த்தவர்கள் “டிஸ்க் போச்சு, விண்டோஸ் போச்சு” என்று ஒப்பாரி வைப்பார்கள். உள்ளே ஒரு வரியைப் பழையபடி மாற்றினால் போதும், எழுந்து உட்கார்ந்து விடும். எத்தனை மிஷின்கள் இப்படி உயிரோடு அடக்கம் ஆயினவோ!

மெக்கானிக் தரப்பு

மெக்கானிக்குகள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் எழுத வரவில்லை. அவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த டவுன் மெக்கானிக் ஒருவரிடம் பிறகு பேசினேன். அவர் கூறியதாவது:-

“பார்மட் பண்ணினா ஒரு மணி நேரம். கண்டிப்பா சரியாயிடும். காசும் வரும். எங்கே கோளாறுன்னு தேடினா அரை நாள் ஆகும். கடைசியில ‘தேதி தப்பா இருந்துச்சு, மாத்திட்டேன்’னு சொன்னா, ‘இதுக்கா காசு?’ன்னு கேட்பாங்க. நீங்களே சொல்லுங்க சார், நான் எதைப் பண்றது?”

என்னிடம் பதில் இல்லை. தேடிக் கண்டுபிடிக்கிற வேலைக்குக் காசு கொடுக்க நமக்கு மனசு வருவது இல்லை. அதனால் அழிக்கிற வேலைக்குக் கொடுக்கிறோம்.

ஆனால் ஒன்று மட்டும் கேட்கலாம். பார்மட் என்று சொன்னால், “முதல்ல உள்ள இருக்கிற பைலை எல்லாம் வேற இடத்துல எடுத்து வைச்சிட்டுப் பண்ணுங்க” என்று சொல்லலாம். விண்டோஸ் எழுந்திருக்கவே இல்லை என்றாலும் எடுக்க வழி உண்டு. லினக்ஸ் போட்ட ஒரு பென் டிரைவில் இருந்து மிஷினை ஆன் பண்ணினால், ஹார்ட் டிஸ்க் நல்லபடியாக இருக்கும் வரை பைல்களைப் பார்க்கலாம், நகல் எடுக்கலாம். இது தெரியாத மெக்கானிக் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். டிஸ்க்கில் “டிக்... டிக்...” என்று சத்தம் வந்தால் மட்டும் வேறு எதுவும் செய்யாதீர்கள். முதல் வேலை நகல். அது சாகப் போகிறவன் முனகல்.

“ஜே, கே, பி, ஓ”

அக்கா இன்னொரு துக்கத்தையும் அவிழ்த்தார். சில வருஷங்களுக்கு முன் இதே மிஷினை ஒருவர் பார்மட் செய்து கொடுத்தாராம். மகளிர் குழுவின் பழைய தீர்மானங்களை மட்டும் பென் டிரைவில் காப்பாற்றிக் கொடுத்தார். ஆனால் திறந்தால் தமிழ் இல்லை. ஏதோ கிறுக்கல்.

“கெட்டுப் போச்சுன்னு அப்படியே போட்டுட்டேன்” என்றார்.

வாலிபர் அந்தப் பைலைத் திறந்து காட்டச் சொன்னார். இங்கிலீஷ் எழுத்துக்களும், அரைப்புள்ளிகளும், அடைப்புக் குறிகளுமாக இருந்தது. பத்திரிகை ஆபீஸ், டி.டி.பி. சென்டர்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிது அல்ல. பாமினி என்று ஒரு பழைய எழுத்துரு. அதில் “தமிழ்” என்று அடித்ததை, அந்த எழுத்துரு இல்லாத மிஷினில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று காட்டும். உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்து. அதற்குத் தமிழ் வேஷம் போடுவது எழுத்துரு. பார்மட்டில் எழுத்துரு போனது. வேஷம் கலைந்தது. விஷயம் அப்படியே இருக்கிறது.

ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி தமிழ் எழுத்துரு செய்து விற்ற காலம் அது. ஒருவர் அடித்ததை இன்னொருவர் படிக்க முடியாது. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு விசைப்பலகைக்கும் எழுத்துருக்களுக்கும் ஒரு பொது முறை வந்தது. 2010 ஜூனில் யூனிகோடு முறையைத் தமிழக அரசு ஏற்று ஆணை போட்டது. யூனிகோடில் அடித்தது எந்த மிஷினிலும், செல்போனிலும் தமிழாகவே தெரியும். ஆனால் அதற்கு முன் அடித்ததும், ஆணைக்குப் பிறகும் பழக்கத்தில் பழைய எழுத்துருவிலேயே அடித்ததும் ஆபீஸ் ஆபீசாகக் கிடக்கின்றன. பழைய பைலைத் திறந்து “வைரஸ் வந்து விட்டது” என்று அழித்து விடும் குமாஸ்தாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: அழிக்காதீர்கள். எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள். மாற்றிக் கொடுக்கும் வசதிகளும் இருக்கின்றன.

வாலிபர் தன் செல்போன் வழியாகப் பாமினியை இறக்கிப் போட்டார். தீர்மானங்கள் தமிழில் வந்து நின்றன. முதல் பக்கத்தில் இருந்த ஒரு பெயரைப் பார்த்து அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த உறுப்பினர் இப்போது உயிரோடு இல்லையாம்.

மலைக்கும் ஏறும் வைரஸ்

அதற்காக எல்லாக் கோளாறுக்கும் செல்தான் காரணம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நிஜமான வில்லன்களும் உண்டு.

பென் டிரைவைச் செருகினால் போல்டர்கள் எல்லாம் “ஷார்ட்கட்” ஆகி நிற்கும். ஜெராக்ஸ் கடைகளில் இது தினசரிக் காட்சி. பைல் அழிவது இல்லை, ஒளித்து வைக்கப்படுகிறது. ஷார்ட்கட்டைத் தட்டினால்தான் வைரஸ் உள்ளே வரும். தட்டாமல், ஒளிந்து இருப்பதைக் காட்டச் சொல்லி எடுத்துக் கொள்ளலாம்.

“மலை மேல இருக்கிற கடைக்கு எவன் வரப் போறான்?” என்று ஒருவர் கேட்டார். 2017 மே 12-ந்தேதி “வான்னாகிரை” என்ற வைரஸ் உலகத்தையே ஆட்டி வைத்தது. பைல்களைப் பூட்டி விட்டு 300 டாலர் கப்பம் கேட்டது. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகள் ஸ்தம்பித்தன. இரண்டு, மூன்று நாளில் நம் பக்கத்து மாநிலத்தில் அது எங்கே தலை காட்டியது தெரியுமா? கேரளாவில், வயநாடு மலையில், ஒரு பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டரில்!

அன்றைக்கு எல்லோரும் பழி போட்டது பழைய விண்டோஸ் எக்ஸ்.பி. மேல். பிறகு கணக்கு எடுத்தபோது, மாட்டிக் கொண்டதில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 என்று தெரிந்தது. அதற்கான தடுப்பை 2 மாதம் முன்பே மைக்ரோசாப்ட் கொடுத்து இருந்தது. பூட்டு கையில் இருந்தும் பூட்டாத வீடுகள்.

பழைய விண்டோசுகளுக்குக் காலக்கெடு முடிந்து கொண்டே வருகிறது. எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. அதன் பிறகு மிஷின் ஓடும். ஆனால் காவல்காரன் இல்லை. (விண்டோஸ் 10-க்கு மேலும் ஓராண்டு பாதுகாப்பை நீட்டித்துக் கொள்ள ஓர் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது.) விண்டோஸ் 11 போடலாம் என்றால், பழைய மிஷினில் அது கேட்கும் பாதுகாப்புச் சில்லு இருக்காது. குரோமும் விண்டோஸ் 7-க்கு 109-ம் பதிப்போடு 2023-ல் நின்று விட்டது.

சில சமயம் தேதி சரியாக இருந்தும் தளம் திறக்காது. 2021 செப்டம்பர் 30-ந்தேதி, பல இணையதளங்கள் நம்பி இருந்த ஒரு மூலச் சான்று காலாவதி ஆனது. புதுப்பிக்காத பழைய மிஷின்கள் பல, நல்ல தளத்தையும் போலி என்று சொல்ல ஆரம்பித்தன. அப்போது பயர்பாக்ஸ் கைகொடுத்தது. அது சான்றுப் பட்டியலை விண்டோசிடம் கேட்காமல் தன் மடியிலேயே கட்டி வைத்து இருக்கிறது.

அக்காவுக்கு வாலிபர் சொன்ன புத்திமதியை நானும் ஆமோதிக்கிறேன். காலாவதியான விண்டோசில் விண்ணப்பம் நிரப்பலாம், பில் அடிக்கலாம். பாங்கிப் பணத்தை மட்டும் அதில் தொடாமல் இருப்பது நல்லது.

இலவச லேப்-டாப் கற்றுக் கொடுத்தது

“தம்பி, நீ எங்கே படிச்சே இதெல்லாம்?” என்று அப்பா கேட்டார்.

“கவர்ன்மெண்டு கொடுத்த லேப்-டாப்பைப் பிரிச்சுப் பிரிச்சுத்தான்” என்றார் வாலிபர்.

2011 செப்டம்பர் 15-ந்தேதி அண்ணா பிறந்த நாளில் தொடங்கிய இலவச லேப்-டாப் திட்டம் பலருக்கு ஞாபகம் இருக்கும். எல்காட் மூலம் வாங்கிக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோசோடு “பாஸ்” என்ற லினக்சும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அதைத் தொடாமலே விட்டவர்கள்தான் அதிகம். விண்டோஸ் படுத்த ஒரு நாள் வேறு வழி இல்லாமல் இவர் அதில் நுழைந்தார். அதன் வழியாகவே தன் பாட நோட்டுக்களை வெளியே எடுத்தார். அன்று முதல் பயம் விட்டது.

2 ஜி.பி. மெமரி உள்ள பழைய மிஷினுக்கு லேசான லினக்ஸ் நன்றாகவே ஒத்துப் போகும். ஆனால் கைரேகைக் கருவி, சில பிரிண்டர்கள் விண்டோஸ்தான் வேண்டும் என்று முரண்டு பிடிக்கும். அதனால் அக்கா கடையில் உடனே மாற்றவில்லை. இரண்டு ஆன்டிவைரஸ் போட்டு இருந்தார். ஒரு உறையில் இரண்டு கத்தி. ஒன்றை எடுத்ததும் மிஷின் கொஞ்சம் மூச்சு விட்டது. மலைப் பனியில் மெமரி பலகையின் காலில் பாசம் பிடித்து, ஆன் பண்ணினால் “பீப்” என்று கத்துமாம். கரண்டை நிறுத்தி விட்டு, கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்தால் சரியாகும் என்று அதையும் காட்டிக் கொடுத்தார்.

விண்ணப்பம் போனது

மணி 3.40. (கம்ப்யூட்டர் மணியும் அதுவே.) மாணவியின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஒப்புகைச் சீட்டு பிரிண்டரில் இருந்து வெளியே வந்தது. அப்பா அதை வாங்கி முதலில் பார்த்தது மகளின் பெயரை அல்ல. மூலையில் அச்சாகி இருந்த தேதியை.

புதுச் செல் மலை மேல் கிடைக்கவில்லை. மறுநாள் பஸ்சில் வந்தது. அதுவரைக்கும் ஒவ்வொரு தடவை கரண்டு போய் வந்ததும் அக்கா முதலில் தேதியை வைத்தார். பிறகுதான் கல்லாவைத் திறந்தார். சான்றிதழ்களும் கணக்கும் இரண்டு பென் டிரைவில் நகல் ஆகி, ஒன்று வீட்டுப் பீரோவுக்குப் போய்விட்டது.

வாலிபர் காசு வாங்கவில்லை. ஒரு அன்னாசிப் பழத்தைக் கையில் திணித்து அனுப்பினார்கள்.

நான் கிளம்பும் சமயத்தில் அக்காவின் போன் அடித்தது. கீழே இருந்து மெக்கானிக்.

“என்னக்கா, மிஷினை எப்போ அனுப்பறீங்க?”

அக்கா திரையின் மூலையை ஒரு தடவை பார்த்துக் கொண்டார்.

“தேதி பார்த்துச் சொல்றேன் தம்பி.”